கயிறா, பட்டனா, ரிமோட்டா?



ஜெனரேட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை கே.வி.? ஒரு லிட்டருக்கு எவ்வளவு நேரம் ஓடும்? சத்தம் எப்படி? மூன்றும் நல்ல கேள்விகள்தான். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு: "இதை எங்க வீட்ல யார் ஸ்டார்ட் பண்றது?"

என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. ஓடாத ஜெனரேட்டர் எத்தனை கே.வி.யாக இருந்தால் என்ன? அதனால் இன்றைக்கு ஸ்டார்ட் பண்ணும் விதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். பி.காம் படிக்கிறவனுக்கு இஞ்சின் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதானே எங்கள் வேலை :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். கயிறு கண்டிப்பாக இருக்க வேண்டும். கயிறு இழுக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் பட்டனும் இருக்க வேண்டும். பட்டன் மட்டும் இருக்கிற மெஷின் வேண்டாம். ரிமோட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஏன் என்பதுதான் மீதிக் கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம் ஊரில் "இன்வெர்ட்டர்" என்றால் ஹாலின் மூலையில், பெரிய பேட்டரிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டி. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், போனால் ஃபேனும் லைட்டும் ஓடும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அது இல்லை. இது பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டர். கையில் தூக்கிப் போகிற மாதிரி, சூட்கேஸ் வடிவத்தில் இருக்கும்.

சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கொடுக்க, பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பல்பு போட்டாலும் அதே வேகம், அதே சத்தம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் இஞ்சின் கொடுக்கும் கரண்டை முதலில் டி.சி.யாக மாற்றி, பிறகு எலக்ட்ரானிக் சர்க்யூட் வழியாகச் சுத்தமான 230 வோல்ட் ஏ.சி.யாகத் திருப்பித் தருவார்கள். அதனால் லோடு குறைவாக இருந்தால் இஞ்சின் மெதுவாக ஓடலாம். பெட்ரோல் மிச்சம், சத்தம் குறைவு, லேப்டாப் மாதிரி பொருட்களுக்கும் பயம் இல்லை.

எங்கள் அப்பா காலத்தில் ஸ்ரீராம் ஹோண்டா என்றால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். கரண்ட் போனதும் கடைக்குக் கடை வாசலில் ஒருவர் குனிந்து கயிறு இழுப்பார். இப்போதைய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரும் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைதான். மூளை மாறியிருக்கிறது. கயிறு மாறவில்லை.

கயிறு: பழசு, ஆனால் நம்பலாம்

கயிறு ஒரு கப்பியில் சுற்றியிருக்கும். கப்பிக்குள் சுருள் ஸ்பிரிங். நாம் இழுக்கும்போது நகம் மாதிரி ஒரு கொக்கி வெளியே வந்து இஞ்சினைப் பிடித்துச் சுற்றிவிடும். இஞ்சின் கிளம்பியதும் கொக்கி தானாக விலகிக்கொள்ளும். ஸ்பிரிங் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது, பேட்டரி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுற்றும் காந்தமே தயாரித்துக்கொள்கிறது. ஆறு மாதம் மூலையில் கிடந்தாலும் கயிறு "சார்ஜ் இறங்கிப்" போகாது. கெட்டுப்போனாலும் கயிறு அறுந்தது, ஸ்பிரிங் போனது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கெட்டுப்போகும். சின்ன ஊர் மெக்கானிக்கே சரி பண்ணிவிடுவார்.

கயிறு இழுப்பதற்குப் பயில்வான் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. கிராமத்துப் பக்கம் வயலில் ஆயில் இஞ்சின் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது மேலே ஒரு லீவரைத் தூக்கிப் பிடிப்பார்கள். சிலிண்டருக்குள் காற்று அமுங்காமல் வெளியேறும், சுற்றுவது சுலபமாகும். வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் டபடபவென்று கிளம்பும். இன்றைய சின்ன பெட்ரோல் இஞ்சின்கள் பலவற்றில் இதே வேலையை உள்ளே இருக்கும் ஒரு குட்டி அமைப்பு தானாகச் செய்கிறது. மெதுவாகச் சுற்றும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்து அழுத்தத்தைக் குறைக்கிறது.

முறையும் முக்கியம். கைப்பிடியைப் பிடித்து முதலில் மெதுவாக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் கை தடைபடும். அங்கே நிறுத்தி, பிறகு ஒரே மூச்சில் வேகமாக இழுக்க வேண்டும். இழுத்ததும் கைப்பிடியை அப்படியே விட்டுவிடக் கூடாது. கூடவே கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லையென்றால் சடாரென்று போய் அடிக்கும். எடுத்த எடுப்பிலேயே வெறி கொண்டு இழுப்பவர்களுக்குத்தான் தோள் வலி வரும், கயிறும் அறும்.

ஆனால் மீதிப் பாதி உண்மையையும் சொல்ல வேண்டும். முறை தெரிந்தாலும் சிலரால் இழுக்க முடியாது. தோள் பிடித்துக்கொண்டவர்கள், மூட்டுவாதம் உள்ளவர்கள், ஆபரேஷன் முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், எழுபது வயதைத் தாண்டியவர்கள். இவர்களிடம் போய் "டெக்னிக் தான் முக்கியம்" என்று பாடம் நடத்துவது அநியாயம்.

எங்கள் ஊர்க் கதை கொஞ்சம்

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தென்னை மரங்கள் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதோடு டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கிராமங்களுக்குக் கரண்ட் வர நாட்கள் இல்லை, வாரங்கள் ஆயின.

கரண்ட் இல்லை என்றால் இருட்டு என்றுதான் டவுனில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இருட்டு சமாளிக்கக்கூடிய விஷயம். தண்ணீர்தான் பிரச்சினை. மோட்டார் ஓடாமல் டேங்கில் எப்படித் தண்ணீர் ஏறும்? அப்போது வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வந்து, மணிக் கணக்கில் வாடகை வாங்கி டேங்க் நிரப்பிக் கொடுத்தார்கள். செல்போன் சார்ஜ் போடவும் காசு.

அந்த நாட்களில் நான் பார்த்த ஒன்று மனதில் அப்படியே இருக்கிறது. சில வீடுகளில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பது அம்மா, அப்பாயி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். மெஷின் திண்ணையில் இருக்கும், பெட்ரோலும் இருக்கும், பக்கத்துத் தெருவிலிருந்து யாராவது தம்பி வந்து இழுத்துவிடும் வரை காத்திருப்பார்கள். அந்தத் தம்பி வேறு எங்கேயாவது மரம் வெட்டிக்கொண்டிருப்பான்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வெளிநாட்டில். நான் திருச்சியில் ஹாஸ்டலில். வீட்டில் அம்மாவும் அப்பாயியும். அம்மாவுக்கு வலது தோள் இரண்டு வருடமாகச் சரியில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அப்பாயிக்கு இன்சுலின், ஃபிரிட்ஜில் இருக்கிறது. அப்பா போனில், "நல்ல கம்பெனி மெஷினா பாரு, கயிறா இருந்தா என்ன, பக்கத்து வீட்டுப் பையன் இருக்கான்ல" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சுவிட்ச் போடுவதற்கே யாரையும் கூப்பிடாத அம்மா, நடுராத்திரியில் கயிறு இழுக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாரா? நிச்சயமாகத் தட்ட மாட்டார்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. மெஷினை வாங்குவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். கரண்ட் போகும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் பெரியவர்களும். வாங்குபவர் தன் கை பலத்தை வைத்து முடிவெடுத்தால், பயன்படுத்துபவர் கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான்.

பட்டன்: வசதிதான், ஆனால் ஒரு கண்டிஷன்

கார்களில் ஒரு காலத்தில் முன்பக்கம் ஹேண்டில் செருகிச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள். இஞ்சின் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. கை பலம் இல்லாதவர்களுக்கும் கார் ஓட்டுவது சாத்தியமாயிற்று. ஆக "செல்ஃப்" என்பது சோம்பேறிகளுக்கான சமாச்சாரம் இல்லை. மெஷின் யாருக்குச் சொந்தம் என்பதையே மாற்றிய விஷயம்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். செல்ஃப் வந்த பிறகும் ஹேண்டிலை உடனே தூக்கிப் போடவில்லை. நம் அம்பாசிடர் காரில் சாவியும் உண்டு, பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் செருகிச் சுற்ற ஹேண்டிலும் உண்டு. பைக்கிலும் அப்படித்தான், செல்ஃப் வந்த பிறகும் ரொம்ப நாள் கிக்கர் இருந்தது. இப்போது வரும் பல பைக்குகளில் கிக்கர் இல்லை. காலையில் பேட்டரி டவுன் என்றால், நண்பனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு... நம் கல்லூரி ஸ்டாண்டில் தினமும் நடக்கிற கூத்துதான். ஜெனரேட்டரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது மக்களே!

பட்டன் மெஷினுக்குள் பைக்கில் இருப்பது மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் ஒரு மோட்டாரும் இருக்கும். பட்டனை அழுத்தினால் மோட்டார் இஞ்சினைச் சுற்றும். இஞ்சின் ஓடும்போது பேட்டரி திரும்ப சார்ஜ் ஆகும். பைக் தினமும் ஓடுகிறது, அதனால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. ஜெனரேட்டர் தினமும் ஓடுகிறதா?

இங்கேதான் காலம் மாறியிருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தினமும் ஓட்டினார்கள். பேட்டரி சும்மா இருக்க நேரமே இல்லை. இன்று நிலைமை அப்படி இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள், மழைக்காலத்தில் சில நாள், எப்போதாவது ஒரு பெரிய புயல். ஜெனரேட்டர் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தூங்குகிறது. சும்மா கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். சூடு ஏற ஏற இழப்பு அதிகமாகும், ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பு. நம் ஊர் வெயிலில், தகரக் கொட்டகையில், நாலைந்து மாதம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இல்லாமலேயே ரொம்ப நாள் கிடந்தால் பேட்டரி மறுபடி சார்ஜ் ஏற்கவும் மறுக்கும்.

எவ்வளவு குறைவாகக் கரண்ட் போகிறதோ, அவ்வளவுக்குப் பட்டனை நம்ப முடியாது. இதுதான் இதில் உள்ள வேடிக்கை. பெரிய புயல் ராத்திரியில்தான் அது செத்துப்போயிருப்பது நமக்குத் தெரியவரும். சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் இல்லை!

அதனால்தான் பட்டனோடு கயிறும் வேண்டும் என்கிறேன். ஹோண்டாவின் ஈயூ3000ஐஎஸ் மாதிரி மெஷினில் இரண்டும் உண்டு. அதே கம்பெனியின் சின்ன மாடலான ஈயூ2200ஐ-யில் கயிறு மட்டும்தான். எடையையும் பாருங்கள். சின்னது சுமார் 21 கிலோ, பெரியது சுமார் 60 கிலோ. இஞ்சின் பெரியது என்பதுதான் முக்கியக் காரணம், பேட்டரியும் மோட்டாரும் தங்கள் பங்குக்கு ஏற்றுகின்றன. ஆக, "பட்டன் இருக்கு, அம்மாவே ஸ்டார்ட் பண்ணிடுவாங்க" என்று 60 கிலோ மெஷினை வாங்கினால், அதை உள்ளேயிருந்து வாசலுக்கு உருட்டுவது யார் என்று இன்னொரு கேள்வி வரும். இப்போது 2 கிலோவாட் அளவிலேயே பட்டன் வைத்த மாடல்களும் கிடைக்கின்றன. எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம். பட்டன் என்றதும் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். பல மாடல்களில் பெட்ரோல் வால்வைத் திறப்பது, சோக் இழுப்பது, கிளம்பிய பிறகு சோக்கை உள்ளே தள்ளுவது எல்லாம் கையால்தான். பட்டன் மிச்சப்படுத்துவது கயிறு இழுக்கும் வேலையை மட்டும்.

கொஞ்சம் கணக்கு

நம் பாடத்துக்கு வருவோம். கீழே வருவது எல்லாம் ஒரு பேச்சுக்குப் போட்ட எண்கள், உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டன் உள்ள மாடலுக்கு 10,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் பத்து வருடம் வரும். நடுவில் இரண்டு தடவை பேட்டரி மாற்ற வேண்டும், தடவைக்கு 1,500 ரூபாய். மொத்தம் 13,000. வருடத்துக்கு 1,300 ரூபாய்.

வருடத்தில் ஐந்து தடவை மட்டும் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு ஸ்டார்ட்டுக்கு 260 ரூபாய். "அடேயப்பா, ஒரு பட்டனை அழுத்த 260 ரூபாயா!" என்று தோன்றும். மாதம் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 17 ஸ்டார்ட், ஒன்றுக்கு 76 ரூபாய். பெட்ரோல் செலவு தனி. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஓட்டமும் வீண் இல்லை. பேட்டரியை உயிரோடு வைத்திருப்பதே அதுதான்.

உண்மையில் இந்தக் கணக்கையே இப்படிப் போடக் கூடாது. ஒரு ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பது ஆட்டோ வாடகைக் கணக்கு. ஜெனரேட்டர் என்பது இன்ஷூரன்ஸ் மாதிரி. வீட்டில் கயிறு இழுக்க முடிந்தவர்கள் இரண்டு பேர் எப்போதும் இருக்கிறார்கள் என்றால் அந்த 1,300 வீண் செலவு, கயிறு மட்டும் உள்ள மாடலை வாங்கி மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். யாருமே இல்லை என்றால், அந்த 1,300 கொடுக்காமல் வாங்கிய மெஷினின் முழு விலையும் வீண். 13,000 மிச்சம் பிடிக்கப் போய் மொத்த முதலையும் திண்ணையில் தூங்க வைத்த கதை ஆகிவிடும்.

ரிமோட்: எனக்கு ஆகவே ஆகாது

கார் சாவி மாதிரி ஒரு ரிமோட். கட்டிலில் படுத்தபடியே அழுத்தினால் வெளியே ஜெனரேட்டர் கிளம்பும். சோக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வயதானவர்கள் மழையில் வெளியே போக வேண்டாமே என்பது நியாயமான வாதம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு ஆட்சேபணை உண்டு.

ஒன்று, பேட்டரி. ரிமோட் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்து வைத்தால் ரிமோட் வேலை செய்யாது, அணைக்காமல் விட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

இரண்டாவதுதான் பெரியது. பெட்ரோல் இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை சுற்றுகிறது, தூக்கம் வருகிறது என்று படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. அமெரிக்காவில் கையடக்க ஜெனரேட்டர் புகையால் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக எண்பது, நூறு பேர் சாகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காத மாதிரி வைக்கச் சொல்கிறார்கள்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது. மெஷின் நனையக் கூடாது என்று யாரோ வராந்தாவுக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள். அல்லது ஃபிளாட் பால்கனியில் இருக்கிறது. மேலே தார்ப்பாய் வேறு. ஜன்னல் திறந்திருக்கிறது. கயிறு இழுக்கவோ பட்டன் அழுத்தவோ நேரில் போகிறவர் இதையெல்லாம் பார்த்துவிடுவார். பார்க்காவிட்டாலும் புகை அவர் முகத்தில் அடிக்கும். கட்டிலில் படுத்தபடி ரிமோட் அழுத்துபவருக்கு எதுவும் தெரியாது. மெஷின் கிளம்பிய சத்தம் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கார்பன் மோனாக்சைடு அளவு ஏறினால் தானாக நின்றுவிடும் சென்சார் வைத்த மாடல்கள் வந்திருக்கின்றன. ஹோண்டா அதற்குக் கோ-மைண்டர் என்று பெயர் வைத்திருக்கிறது. ரிமோட்டுக்குக் கொடுக்கும் காசை அந்தச் சென்சாருக்குக் கொடுங்கள். ஆனால் சென்சார் இருக்கிறது என்று மெஷினை உள்ளே வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

"சார், ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது"

இதைச் சொல்லாமல் முடித்தால் மேலே எழுதியது எல்லாம் வீண். பாதி நேரம் குற்றவாளி கயிறும் இல்லை, பட்டனும் இல்லை. பெட்ரோல்!

டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போகும். கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி படிந்து, ஊசித்துளை அளவு ஜெட்டை அடைத்துவிடும். இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. நம் கடலோர ஊர்களில் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்? அதனால் மாதாந்திர ஓட்டம் முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் காலி பண்ணி, அந்தப் பெட்ரோலை வண்டிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆயில். பல மெஷின்களில் ஆயில் குறைந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி சென்சார் வைத்திருப்பார்கள். இஞ்சினைக் காப்பாற்றத்தான். மேடு பள்ளமான இடத்தில் சாய்வாக வைத்தாலும் ஆயில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இது தெரியாமல் கயிறு அறும் வரை இழுப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, சோக். இஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் வேண்டும், சூடாக இருந்தால் வேண்டாம். நான்காவது, ஸ்டார்ட் பண்ணும்போது ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவும் இணைப்பில் இருக்கக் கூடாது. கிளம்பி ஒரு நிமிடம் ஓடிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

பெட்ரோல் வால்வு, ஆயில், சோக், லோடு. இந்த நாலையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மெஷின் மேலே ஒட்டுங்கள். பட்டனுக்குக் கொடுக்கும் பத்தாயிரத்தை விட இந்த அட்டை அதிக வேலை செய்யும்.

ஒரு எதிர்க்கேள்வி

"இவ்வளவு தொல்லை எதுக்குப்பா? பெரிய பேட்டரியா வாங்கி வெச்சா ஸ்டார்ட் பண்ற பேச்சே இல்லையே?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் கரண்ட் போகிற ஊருக்குப் பேட்டரி இன்வெர்ட்டரே போதும். புகை இல்லை, சத்தம் இல்லை, கயிறும் இல்லை. உங்கள் தேவை அவ்வளவுதான் என்றால் ஜெனரேட்டர் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

ஆனால் கஜா மாதிரி வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்றால் பேட்டரி முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். அதை மறுபடி சார்ஜ் போட ஏதாவது ஒன்று வேண்டும், மழை மேகத்தில் சோலாரும் சரியாக வேலை செய்யாது. அந்த நிலைமைக்குத்தான் ஜெனரேட்டர். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பகலில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டி இன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் போட்டுக்கொண்டால், ராத்திரியில் ஓட்டவே வேண்டாம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் புகை பயமும் இல்லை.

கடைசியாக

கடைக்குப் போகும்போது வாங்குபவர் மட்டும் போகாதீர்கள். கரண்ட் போகும்போது வீட்டில் யார் இருப்பார்களோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார், அது அவர் தொழில். "அண்ணே, ஆஃப் பண்ணுங்க, இப்ப எங்க அம்மா ஸ்டார்ட் பண்ணட்டும்" என்று கேளுங்கள். அம்மா கயிற்றை இழுத்துக் கிளப்பிவிட்டால், பட்டனுக்குக் காசு வேண்டாம். கிளப்ப முடியவில்லை என்றால் பட்டன் உள்ளதைப் பாருங்கள், அதில் கயிறும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூயல் இஞ்ஜெக்‌ஷன் மாடல் என்றால், பேட்டரி முழுசாகச் செத்துவிட்டாலும் கயிறு இழுத்தால் கிளம்புமா என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, காசு நம்முடையது.

நான் அப்பாவிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போவதாக இருக்கிறேன். எந்த மெஷின் என்பதை அம்மா முடிவு பண்ணட்டும். ஓட்டப் போவது அவர்தானே.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஜெனரேட்டர் இருந்தால், அதைக் கடைசியாக ஸ்டார்ட் பண்ணியது யார், எப்போது என்று இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யோசித்தார்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே எடுத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். ஐப்பசி வந்தால் அடைமழை.